ஸ்போர்ட்ஸ் காரில் வாட்டர் பம்பு கெட்டால்: வீட்டில் மாற்றுவதா, எந்தப் பம்பைப் போடுவது?

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பு ஸ்போர்ட்ஸ் காரில் கெட்டதும் பலரும் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் பம்பை வாங்கலாம் என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் இரண்டு விவரங்கள் தெளிவாக வேண்டும்: அந்த இன்ஜினில் பம்பைச் சுழற்றுவது எது, பம்பு எந்த விதத்தில் கெட்டது. வீட்டில் செய்வதா பணிமனையில் விடுவதா, கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பம்பா மலிவான மாற்றா, பம்பை மட்டும் கழற்றுவதா சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து மாற்றுவதா என்ற எல்லாத் தேர்வுகளும் இவ்விரண்டு விடைகளைப் பொறுத்தே அமைகின்றன.

இரண்டாவதிலிருந்து தொடங்குவோம். பம்பு மூன்று விதங்களில் கெடும். தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால், கூலன்ட் பேரிங்கை அடையும் முன் வெளியேற வேண்டும் என்பதற்காகப் பம்பின் உடலில் விடப்பட்டிருக்கும் சிறு துளையின் வழியே சொட்டும். அத்துளைக்குக் கீழே காய்ந்து ஒட்டிய படிவு அதற்கான அடையாளம். பேரிங் தேய்ந்தால், பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுழற்றும்போது கரகரப்பும், பிடித்து அசைக்கும்போது ஆட்டமும் தெரியும். மூன்றாவது விதம் வெளியே தெரியாதது: உள்ளே நீரைத் தள்ளும் இம்பெல்லர் உடைந்துவிடும் அல்லது தண்டின் மேல் வழுக்கத் தொடங்கிவிடும். அப்போது ஒரு சொட்டும் கசியாது, சத்தமும் வராது. வெப்பமானி மட்டும் ஏறும், ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வரும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், மூடிய நிலையில் சிக்கினாலும் வெப்பமானியை இப்படித்தான் ஏற்றும். கூலன்ட் குறைந்தாலோ உள்ளே காற்று அடைத்துக்கொண்டாலோ ஹீட்டரும் குளிர்ந்துவிடும். ஆகவே இன்ஜின் முழுவதும் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியின் இடத்தில் அழுத்தச் சோதனைக் கருவியைப் பொருத்தி, அழுத்தம் எங்கே இறங்குகிறது என்று பார்த்த பிறகே பம்பை வாங்க வேண்டும். சூடான இன்ஜினில் மூடியைத் திறப்பது எந்த நிலையிலும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், மூடி திறந்த அந்த நொடியே கொதித்து மேலே பீறிடும்.

இன்ஜின் ஏற்கெனவே கடுமையாகச் சூடேறியிருந்தால் முடிவின் வரிசையே மாறிவிடும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் அதிக வெப்பத்தில் வளையக்கூடியது. அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் அதோடு சேர்ந்து கெடக்கூடும். அந்த நிலையில் புதிய பம்பைப் பொருத்துவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதாகும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கசிந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் எளிதாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டோ, சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்தோ, ஹெட் நலமாக இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பு வேலை செய்யாதபோது இதைச் சோதிப்பது கடினம்தான். ஆயினும் குளிர்ந்த இன்ஜினைச் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டிப் பார்ப்பது, ஹெட் வளைந்திருப்பதை அறியாமல் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதைவிட மேலானது.

இனி, பம்பைச் சுழற்றுவது எது என்ற கேள்விக்கு வருவோம். வீட்டில் செய்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்ஜினின் வெளிப்புறத்தில், ஆல்டர்னேட்டரை ஓட்டும் அதே பெல்ட்டால் சுழலும் பம்புகள் வீட்டு வேலைக்கு ஏற்றவை. ஹோண்டா எஸ்2000, டொயோட்டா 86, செவ்ரோலெட் கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறையில் வந்த எல்எஸ்1 இன்ஜின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பெல்ட், ஹோஸ்கள், போல்ட்டுகள், கேஸ்கெட் என்ற அளவில் வேலை முடிந்துவிடும். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் நேரவொழுங்கை (டைமிங்) எங்கும் தொடவேண்டியதில்லை. பிழை நேர்ந்தால்கூட அது ஒரு கசிவாக வெளிப்படும், திரும்பக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். நிதானமாக ஒரு போல்ட்டைக் கழற்றவும் குறித்த விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தவும் தெரிந்த எவரும் இதைப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை என்பதே என் கருத்து.

அந்த நேரவொழுங்கைக் காக்கும் டைமிங் பெல்ட்டால் சுழலும் பம்புகளின் நிலை வேறு. போர்ஷே 944 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பம்பு டைமிங் பெல்ட்டின் முதுகுப்புறத்தால் சுழல்கிறது. பம்பைத் தொட வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். பெல்ட்டை ஒரு பல் தவறிப் பூட்டினாலோ, இழுவிசையைத் தவறாக வைத்து அது பின்னர் அறுந்தாலோ வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளக்கூடும். பம்பு இறுகிப் போனாலும் அதே பெல்ட் பாதிக்கப்படும் என்பதால், அந்தக் காரில் பம்பிலிருந்து வரும் லேசான உறுமலைக்கூடப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. இங்கே வீட்டில் செய்வது முடியாததன்று. ஆனால் பெல்ட்டின் இழுவிசையை அளக்கும் கருவி கையில் இருக்க வேண்டும், கேம்ஷாஃப்ட், கிரேங்க்ஷாஃப்ட் குறிகளைப் பொருத்திய பின் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றிக் குறிகள் மீண்டும் நேராகின்றனவா என்று பார்க்கும் பொறுமையும் வேண்டும். கருவியை வாங்கவோ கடன் பெறவோ வழியில்லை என்றால் பணிமனையே சரி. விரலால் அழுத்தி இழுவிசையைக் கணிப்பதை அனுபவசாலிகள் செய்வதைப் பார்த்து முதல்முறை செய்பவர் பின்பற்றுவது ஆபத்தானது.

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரு தலைமுறைகள் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. பம்பைச் சுழற்றுவது வெளிப்புற பெல்ட்தான். ஆனால் பம்பு டைமிங் பெல்ட்டின் மூடிகளுக்குப் பின்னால் அமர்ந்திருப்பதால் டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கிறது. இன்ஜின் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருப்பதும் முன்பக்கம் இடம் தாராளமாக இருப்பதும் வேலையை எளிதாக்குகின்றன. டைமிங் பெல்ட் வேலையை முதன்முதலில் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இதைவிட ஏற்ற கார் அரிது.

செயினால் சுழலும் பம்புகளில் அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. நிஸான் 350இசட்டில் இருக்கும் விக்யூ35 இன்ஜினில் பம்பு டைமிங் செயினால் சுழல்கிறது. முன் மூடியில் உள்ள சிறிய மூடிகளைத் திறந்து, செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரை எடுத்துச் செயினைத் தளர்த்தி, பம்புக்கான சிறு வாயின் வழியே அதை வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய் இருக்கும் அறைக்குள் பம்பு அமர்ந்திருப்பதால், கழற்றும்போது கூலன்ட் எண்ணெயில் கலக்க வாய்ப்புண்டு. ஆகவே எண்ணெய் மாற்றத்தையும் அதே வேலையில் சேர்த்தே திட்டமிட வேண்டும். உள்ளே விழுந்த ஒரு போல்ட், அரை நாள் வேலையை இன்ஜினின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்கும் வேலையாக்கிவிடும். கை நிதானம் உள்ளவர் வீட்டில் செய்யலாம். அவசரத்தில் இருப்பவர் செய்யக் கூடாது.

மின்மோட்டாரால் ஓடும் பம்பு நான்காவது வகை. பிஎம்டபிள்யூ 335ஐ, 135ஐ கார்களில் வந்த என்54 இன்ஜினில் பெல்ட்டுக்கும் பம்புக்கும் தொடர்பே இல்லை. இது கெடும்போது பெரும்பாலும் சொட்டாது. அதனுள் இருக்கும் மின்னணுப் பகுதியோ மோட்டாரோ நின்றுவிடும், கார் எச்சரிக்கை காட்டித் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே கம்ப்யூட்டரில் பிழைக்குறியைப் படித்து உறுதிசெய்த பிறகே கைவைக்க வேண்டும். அடியிலிருந்து செய்யும் வேலை என்பதால் உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள் கட்டாயம். வெறும் ஜாக்கின் மேல் நிற்கும் காரின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. பம்பைப் பிடித்திருக்கும் அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கி நீட்டப்பட்டவை. அவற்றை மறுபடி பயன்படுத்தாமல் புதியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இவை தவிர வேலை கடினமானதில்லை, வீட்டிலேயே செய்யத்தக்கதுதான்.

இன்ஜின் நடுவிலோ பின்னாலோ இருக்கும் கார்களில் பம்பின் வகையைவிட அதை அடையும் வழியே பெரிய கேள்வியாகிறது. போர்ஷே பாக்ஸ்டரில் இன்ஜினின் முன்முகம் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னுள்ள தகட்டைத் திறந்தும் காரின் அடியில் படுத்தும் பம்பை எட்ட வேண்டும். போல்ட்டுகள் எளியவை, பெல்ட்டும் வெளிப்புறமானதுதான். ஆனால் கண்ணால் பாராமல் விரலால் மட்டும் தடவிப் போல்ட்டைப் பிடிக்கும் இடங்கள் உண்டு. இந்த வேலைக்கு மேலதிகத் திறமை தேவையில்லை, மேலதிக நேரம் தேவை. காரை மறுநாளே ஓட்டியாக வேண்டிய கட்டாயம் உள்ளவர் இதில் இறங்காதிருப்பது நல்லது.

இனிப் பம்பின் தேர்வு. கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டியில் வருவது ஒன்று. அதே பம்பை அந்நிறுவனத்துக்குச் செய்துகொடுக்கும் உற்பத்தியாளர் தன் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. பெயர் அறியாத மலிவான மாற்று மூன்றாவது. பழைய உடலில் புதிய பேரிங்கும் சீலும் போட்டுப் புதுப்பித்து விற்பது நான்காவது. இவற்றில் இரண்டாவதே பெரும்பாலோருக்கு உகந்தது. பல கார்களில் பொருள் ஒன்றே, பெட்டி மட்டும் வேறு. விலை வேறுபாடு கணிசமானது. மலிவான மாற்றுகளில் குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்: சீலின் தரம், பேரிங்கின் தரம், இம்பெல்லருக்கும் அது சுழலும் அறையின் சுவருக்கும் இடையிலான இடைவெளி. இடைவெளி கூடினால் நீர் தள்ளும் திறன் குறையும். தெருவில் ஓட்டும்போது தெரியாத அக்குறை, நீண்ட நேரம் உயர் சுழற்சியில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரில் வெப்பமாக வெளிப்படும். சாதாரணக் காருக்கு அரை மனதோடு ஏற்றுக்கொள்ளக்கூடிய மலிவான பம்பை, அதனாலேயே ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பம்பை மாற்றும் உழைப்பு பம்பின் விலையைவிடப் பெரியது என்பதையும், மலிவானது கெட்டால் அந்த உழைப்பு முழுவதும் திரும்பத் தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதுப்பித்த பம்பு ஓர் இடத்தில் மட்டும் பொருள்படும்: புதியது உற்பத்தியில் இல்லாத பழைய கார்களில். அங்கும் யார் புதுப்பித்தார், எந்த சீலைப் போட்டார், இம்பெல்லரைத் தண்டில் எந்த ஆழத்தில் ஏற்றினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் மட்டுமே வாங்க வேண்டும். தன் சொந்தப் பம்பையே கொடுத்துப் புதுப்பித்துப் பெறுவது, அறியாத ஒரு பம்பை மாற்றாகப் பெறுவதைவிடப் பாதுகாப்பானது. அச்சுவார்ப்பு உடல் அந்த இன்ஜினோடு ஏற்கெனவே பொருந்தியிருந்தது என்பதாவது உறுதி.

இம்பெல்லர் பிளாஸ்டிக்கா உலோகமா என்பதில்தான் கார் ஆர்வலர்கள் அதிகம் வாதிடுகிறார்கள், அந்த வாதம் நியாயமானதும்கூட. போர்ஷே 996, பாக்ஸ்டர் கார்களின் எம்96 இன்ஜினில் தொழிற்சாலைப் பம்பின் இம்பெல்லர் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது நொறுங்கும் தன்மை அடைந்து இதழ்கள் உடையக்கூடும். உடைந்த துண்டுகள் கூலன்ட்டோடு போய் ஹெட்டின் குறுகிய வழிகளில் அடைத்துக்கொண்டால், பம்பை மாற்றிய பிறகும் ஒரு பகுதி மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும். உலோக இம்பெல்லரில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கு எதிர்வாதம் வலுவானது: இந்த இன்ஜினில் இம்பெல்லர் சுழலும் அறை, இன்ஜின் பிளாக்கிலேயே வார்க்கப்பட்ட பகுதி. பேரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் பிளாஸ்டிக் இம்பெல்லர் தான் தேய்ந்துபோகும். உலோக இம்பெல்லரோ பிளாக்கைச் சுரண்டிவிடும். பம்பு மாற்றக்கூடியது, பிளாக் அப்படியல்ல.

என் முடிவு இதுதான்: பம்பின் அறை பிளாக்கின் பகுதியாக இருக்கும் இன்ஜின்களில் பிளாஸ்டிக் இம்பெல்லர் கொண்ட தொழிற்சாலைத் தரப் பம்பைப் போட்டு, அது உடையும் வரை காத்திராமல் குறித்த கால இடைவெளியில் மாற்றிவிடுவது மேல். பம்பின் அறை தனி உறையாகப் பம்போடேயே கழன்று வரும் இன்ஜின்களில் உலோக இம்பெல்லரை எந்தத் தயக்கமும் இன்றித் தேர்ந்தெடுக்கலாம். பழைய பம்பைக் கழற்றியதும் அதன் இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் இதழ் குறைந்தாலும் அந்தத் துண்டைத் தேடாமல் புதியதைப் பூட்டக் கூடாது. ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட் உறையையும் கழற்றி, நீரை எதிர்த்திசையில் செலுத்தி அலச வேண்டும். துண்டு அகப்படவில்லை என்றால், வீட்டில் தொடங்கிய வேலையைப் பணிமனையில் முடிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பெல்ட் பம்பை அகற்றிவிட்டுத் தனி மின்பம்பும் கட்டுப்படுத்தும் கருவியும் கொண்ட மாற்றுத் தொகுதியைப் பொருத்துவது இன்னொரு வழி. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் நிறுவனம் நிமிடத்துக்கு 115 லிட்டர் போன்ற பல அளவுகளில் இவற்றை விற்கிறது. இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளத்தக்கது. பெல்ட்டால் ஓடும் பம்பு இன்ஜினின் வேகத்துக்கு அடிமை: இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது நீர் குறைவாக ஓடும், வேகமாகச் சுழலும்போது தேவைக்கு மேல் ஓடி, வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு என்ற கணக்கில் ஆற்றலை விழுங்கும். மின்பம்பு வெப்பத்துக்கு ஏற்ப ஓடும். இன்ஜினை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் நீரைச் சுழற்றும். பந்தயத் தளத்தில் மட்டுமே ஓடும் காருக்கு இது நல்ல தேர்வு. தெருவில் ஓடும் காருக்கு, ஒரு ஃப்யூஸும் ஒரு ரிலேயும் இன்ஜினின் உயிரைத் தாங்குகின்றன என்பதை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். வயரிங் வேலையில் தேர்ச்சியும் எச்சரிக்கை விளக்கு ஒன்றைத் தனியாகப் பொருத்தும் கவனமும் இல்லாதவருக்கு இது வேண்டாம். கெட்ட பம்பை மாற்றும் அவசரத்தில் எடுக்கத்தக்க முடிவும் இது இல்லை.

பம்போடு சேர்த்து எதை மாற்றுவது என்பதில் அளவுகோல் எளியது: அதே பாகங்களைக் கழற்றாமல் பிறகு எட்ட முடியாத எதையும் இப்போதே மாற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் அநேகமாக எல்லாக் கார்களிலும் இதில் அடங்கும். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் கார்களில் பெல்ட்டும் டென்ஷனரும் உருளைகளும் கிரேங்க்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட்டின் முன் சீல்களும் அடங்கும். இவை தொகுப்பாகவே விற்கப்படுகின்றன. 1992-இல் கார்வெட்டில் வந்த எல்டி1 இன்ஜினில் பம்புக்கு நேர் கீழே ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும், ஆப்டிஸ்பார்க் எனப்படும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. பம்பிலிருந்து சொட்டும் கூலன்ட் அதைக் கெடுத்துவிடும். அந்தக் காரின் உரிமையாளர் பம்பை மாற்றும்போதே அதன் நிலையையும் பார்த்துவிட வேண்டும். தொட்டால் மெத்தென்று உப்பியிருக்கும் ஹோஸ்களும் இதே வரிசையில் வரும். ரேடியேட்டரை மட்டும் காரணமின்றி மாற்ற வேண்டாம்.

வீட்டில் செய்பவர் தோற்கும் இடங்கள் பெரும்பாலும் போல்ட்டும் கேஸ்கெட் பரப்பும்தான். அலுமினியத்தில் பல்லாண்டு இருந்த எஃகு போல்ட் அரிப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து வைத்து, தேவையானால் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்ற வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட எஃகுத் தகட்டைப் பயன்படுத்தினால் மென்மையான அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ கொடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் சிலிகான் பசையைச் சேர்ப்பது பலன் தராது. உள்பக்கம் பிதுங்கும் பசை கழன்று ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். பெரிய ரெஞ்சை வைத்துக் கையுணர்வில் இறுக்கினால் அலுமினியத்தின் மரை உரிந்துவிடும். எல்எஸ்1 பம்புக்கு முதலில் 15, பிறகு 30 நியூட்டன் மீட்டர் என்று இரண்டு சுற்றில் இறுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் அதன் பழுதுபார்ப்புக் கையேட்டின் அளவையே பின்பற்ற வேண்டும்.

கூலன்ட்டை அதன் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கார் கையேடு கூறும் வேதியியல் தரமே முக்கியம், பொருந்தாத வகைகள் கலந்தால் அரிப்புத் தடுப்புத் திறன் குறையும், சில சமயம் கூழ்போல் படியும். காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்கக் கூடாது. இனிப்புச் சுவை கொண்ட அந்த நஞ்சை நாயும் பூனையும் நக்கிவிடும்.

நிரப்புவதில் இரண்டு வழிகள் உண்டு. முன்பக்க இன்ஜின் கார்களில் மேலிருந்து மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து குமிழ்கள் நிற்கும் வரை காத்திருந்தால் போதும். இன்ஜின் நடுவிலோ பின்னாலோ இருந்து ரேடியேட்டர் முன்னால் இருக்கும் கார்களில், நீண்ட குழாய்களில் காற்று தங்கிவிடும். அங்கே அழுத்தக்காற்றால் வெற்றிடத்தை உண்டாக்கிக் கூலன்ட்டை உறிஞ்சவிடும் கருவிக்குச் செலவிடுவது நியாயமானது. வெற்றிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பதன் மூலம், ஒரு துளி ஊற்றும் முன்பே கசிவு உண்டா என்பதையும் அது காட்டிவிடும். என்54 போன்ற மின்பம்பு இன்ஜின்களில் காரே காற்றை வெளியேற்றிக்கொள்ளும்: பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரின் வெப்பத்தை உச்சத்திலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி முழுவதும் அழுத்தினால் பம்பு ஏறக்குறைய 12 நிமிடம் தானாக ஓடும்.

முதல் ஓட்டத்தைக் குறுகியதாக வைத்துக்கொண்டு, இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு கூலன்ட்டின் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும்; இரண்டு மூன்று முறை சூடாகிக் குளிரும் வரை அளவு சற்று இறங்குவது இயல்பு. புதிய சீல் படியும்போது கசிவுத் துளையில் ஓரிரு துளி தெரிந்தால் கவலை வேண்டாம்; அதற்குப் பிறகும் ஈரம் தொடர்ந்தால் பம்பைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக் காலம் முடியும் முன்பே கழற்றிவிட வேண்டும். அளவு நிலைத்து, ஹீட்டரில் வெப்பக்காற்று சீராக வந்து, வெப்பமானி நடுவில் நின்ற பிறகே இன்ஜினை உயர் சுழற்சிக்கு எடுத்துச் செல்லலாம்.